கடலாடியில் ஒரு காலியிடம்

"எந்த டாக்டரு சொன்னாரு?" என்று கேட்டாள் கலைப்பிரியா.

இந்தக் கேள்வியைத் தென்னரசு எதிர்பார்க்கவில்லை. கடல்காற்று மூச்சிரைப்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார், அதனால் கடலோரமாக ஒரு ஊருக்கு மாற்றல் வாங்கு என்று சொன்னால், அவள் தலையாட்டிவிடுவாள் என்று நினைத்திருந்தான். பதினான்கு வருஷமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறவளைப் பற்றி அப்படி நினைத்தது அவன் தப்பு.

"நம்ம பாப்பாவுக்குப் போன மாசம் காட்டினோமே, அவருதான்."

"அவரு நம்பர் எங்கிட்ட இருக்குது. இருங்க, கேட்டுடறேன்."

"பாப்பாவுக்கு இல்ல கலை, எனக்கு!" என்று அவசரமாகச் சொன்னான். "எனக்குத்தான் மூச்சு வாங்குது. சொன்னா பயந்துடுவியேன்னு சொல்லாம இருந்தேன்."

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். நம்பிக்கை வரட்டும் என்று இரண்டு தடவை இருமிக் காட்டினான். மூன்றாவது இருமல் கேட்காமலே வந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை போகவில்லை.

கலைப்பிரியா ஒலக்கூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் வேலை பார்த்தாள். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்து, அவளுடைய பணியிடமே காணாமல் போகிற நிலைமை. வெள்ளிக்கிழமை விழுப்புரத்தில் மாற்றல் கலந்தாய்வு. எப்படியும் வேறு ஊருக்குப் போயாக வேண்டும், எந்த ஊர் என்பதுதான் கேள்வி. ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டால் மூன்று வருஷத்துக்கு அசைய முடியாது. அதனால்தான் தென்னரசுக்கு இந்த வாரம் சோறு இறங்கவில்லை.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவன் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் மரக்காணத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் ஆதார் முகாமுக்குப் போனபோது, சவுரிராயன் என்கிறவர் அவனைத் தன் பாய்மரப் படகில் ஏற்றி ஒரு சுற்றுக் காட்டினார். பாயில் காற்று நிறைந்து படகு ஒருக்களித்து ஓடியது. நாற்பத்தொரு வயதில் முதன்முறையாக, யாரும் வந்து ஓடிபி கேட்க முடியாத ஒரு இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். இறங்கும்போது அழுகையே வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவனுக்கு 'ஆதார் முகாம்'தான். பாய் கட்டக் கற்றுக்கொண்டான், சுக்கான் பிடிக்கக் கற்றுக்கொண்டான். வாரத்தில் ஒருநாள் போதவில்லை. கடலோரமாகக் குடியேறி, சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு நேரே படகில் ஏற வேண்டும் என்பது அவன் ஆசை. நேராகச் சொல்லிவிடலாம்தான். ஆனால் வீடூர் அணையைப் பார்க்கப் போன அன்று, கைப்பிடிச் சுவருக்குப் பத்தடி இந்தப் பக்கம் நின்றுகொண்டு அவன் சட்டையை விடாமல் பிடித்திருந்தவள் கலைப்பிரியா. அவளிடம் எப்படிச் சொல்வது?

இருமியதற்குப் பலன் அன்றே கிடைத்தது. ஆடாதொடைக் கஷாயம், மூன்று வேளை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் பையைத் தூக்கியதும் வாசலை மறித்துக்கொண்டாள்.

"நெஞ்சுல சளிய வச்சிக்கினு இன்னா முகாமு? ஒண்ணும் வேணாம், படுங்க."

"அங்க போனாத்தான் கலை மூச்சு லேசா இருக்குது. கடல்காத்து."

"அப்படியா? அப்ப நானும் பாப்பாவும் கூட வர்றோம். காத்து எப்படி இருக்குதுன்னு பாக்கறோம்."

"இப்பதான் மெசேஜ் வந்துச்சி. முகாம் கேன்சலாம்."

அன்று முழுக்க வீட்டில் படுத்துக் கஷாயம் குடித்தான். குடித்தபோது அவன் மூஞ்சி போன போக்கைப் பார்த்துவிட்டு, நோய் முற்றிவிட்டது என்று சொல்லி அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

திங்கட்கிழமை மாமனார் பச்சைமுத்து பனமலையிலிருந்து ஒரு மூட்டை மல்லாட்டைக் கடலையோடு வந்து இறங்கினார். வந்த வேகத்தில் மருமகனை நாற்காலியில் உட்கார வைத்து, அவன் மார்பில் காதை வைத்துக் கேட்டார்.

"உள்ள கொர்ருங்குது மாப்ள."

"ஒண்ணும் இல்ல மாமா."

"எங்கிட்ட மறைக்காதீங்க. நெலத்த குத்தகைக்கு வுட்டுட்டேன்னு வச்சிக்குங்க. நானும் அத்தையும் உங்ககூடவே வந்துடறோம். தெனம் சாயங்காலம் உங்க கையப் புடிச்சிக் கடக்கரையில நடக்க வெக்கிறது என் பொறுப்பு."

தென்னரசுக்கு இப்போது உண்மையாகவே மூச்சு வாங்கியது. சாயங்காலம் படகில் இருக்க வேண்டியவனை மாமனார் கையைப் பிடித்து மணலில் நடத்துவதாவது!

"கடக்கரை ரொம்பப் பக்கத்துல வேணாம் மாமா. கொஞ்சம் தள்ளியே இருக்கலாம். அத்தைக்கு உப்புக்காத்து ஒத்துக்காது."

"தள்ளி இருக்கறதுக்கு எதுக்குங்க கடலோரம்?" என்று உள்ளேயிருந்து கலைப்பிரியாவின் குரல் வந்தது. "திண்டிவனமே தள்ளித்தானே இருக்குது?"

தென்னரசு நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். இருமினான். கஷாயம் வந்தது.

புதன்கிழமை காலியிடப் பட்டியலோடு உட்கார்ந்தாள். குடும்பத்துக்கு ஏற்ற ஊர் எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டுமாம். பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம், பக்கத்தில் ஆஸ்பத்திரி, நல்ல தண்ணீர், பஸ் வசதி. நாலும் இருந்தால்தான் ஊர். தென்னரசு தரையைப் பார்த்துக்கொண்டே, ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்கிறவனைப் போல ஆரம்பித்தான்.

"மரக்காணம்?"

"கணக்குக்குக் காலி இல்ல."

"கடலூர்?"

"புயல்னா டிவிக்காரங்க மொதல்ல அங்கதான் போய் நிக்கிறாங்க. பொம்பளப் புள்ளய வச்சிக்கினு நம்மளால ஆவாது."

"நாகப்பட்டினம்?"

"ரெண்டாவதா அங்க போய் நிக்கிறாங்க."

"வேதாரண்யம்?"

"எத்தினி பஸ்சு மாறணும்! உங்க மூச்சு தாங்குமா?"

"ராமேஸ்வரம்?"

"நல்லா சொன்னீங்க. சொந்தக்காரங்க அத்தினி பேரும் தீர்த்தமாட வந்து நம்ம வூட்லதான் எறங்குவாங்க."

கடற்கரை முழுக்கத் தீர்ந்துகொண்டு வந்தது. மனசுக்குள் பாய்க்கும் படகுக்கும் விடை கொடுக்கத் தயாராகிவிட்டான். அப்போது அவள் விரல் ஒரு வரியில் நின்றது.

"இது இன்னாங்க ஊரு? கடலாடின்னு போட்டிருக்குது."

தென்னரசு நிமிர்ந்து பார்த்தான். கடல், அதில் ஆடு. ஊர்ப்பெயரே அவனைக் கூப்பிட்டது. முகத்தைச் சுளித்துக்கொண்டான்.

"பேரே ஒரு மாதிரி இருக்குதே."

"நீங்களே பாத்துச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

திரும்பி உட்கார்ந்து போனில் தேடினான். ராமநாதபுரம் மாவட்டம். வண்டியை எடுத்தால் அரைமணி நேரத்தில் கடல். அதுவும் மன்னார் வளைகுடா, அலை அடங்கின தண்ணீர். ஊருக்குள் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் இருந்தது. மாமனார் நடந்து வர முடியாத தூரம் என்பது கூடுதல் வசதி. துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டான்.

"பேர்லதான் கடல் இருக்குது கலை. ஊரு உள்ள தள்ளித்தான் இருக்குது, காத்து மட்டும் வரும்."

"கிட்டத்துல கடல் இல்லியே?"

"இல்லவே இல்ல."

"சத்தியமா?"

"மயிலம் முருகன் மேல சத்தியமா."

சொல்லிவிட்டு மனசுக்குள் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். கலைப்பிரியா அந்த வரிக்கு எதிரில் பேனாவால் ஒரு கோடு போட்டு, "அப்ப எனக்குச் சம்மதம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை மாமனாரும் சேர்த்து மூன்று பேரும் கூட்டேரிப்பட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு விழுப்புரம் போய்ச் சேர்ந்தார்கள். கலந்தாய்வு ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஆசிரியர்களுக்கு மட்டும்தான் உள்ளே அனுமதி. கலைப்பிரியா போனை அணைத்துக் கணவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். வேப்பமரத்தடியில் தென்னரசு, பக்கத்தில் பச்சைமுத்து, அவர் மடியில் கஷாயப் பிளாஸ்க்.

பன்னிரண்டரை மணிக்கு அவன் போன் அடித்தது. சவுரிராயன். எடுத்த பதற்றத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"தம்பி, பாய் கிழிஞ்சிட்டுது! தெச்சி வைக்கட்டா? எப்ப வர்றீங்க?"

"அப்புறம் பேசறேன்" என்று அணைத்தான்.

"யாரு மாப்ள? எந்தப் பாயி கிழிஞ்சிச்சி?"

"முகாம்ல போடற பாய் மாமா."

"ஆதார் எடுக்கப் பாயி எதுக்கு?"

"வயசானவங்க முடியாம வந்தா, படுத்துக்கினே எடுப்போம்."

பச்சைமுத்து அதைப் பற்றி நிதானமாக யோசித்தார். "படுத்துக்கினு எடுத்தா மூஞ்சி எப்படி மாப்ள வுழும்?" என்றார்.

நல்லவேளையாக அந்தச் சமயத்தில் ஒரு வாத்தியார் உள்ளேயிருந்து ஓடி வந்து, மரத்தடியில் நின்ற தன் மனைவியிடம், "கடலாடி கெடச்சாச்சு! இருந்ததே ஒண்ணு, அடிச்சிட்டேன்!" என்று கத்தினார்.

தென்னரசு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இருந்ததே ஒன்று. அதுவும் போய்விட்டது. கலைப்பிரியாவிடம் சொல்லலாமென்றால் அவள் போன் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. கதவுக்கு ஓடினான். காவலர் கையை நீட்டி மறித்தார்.

"சார், ஒரே ஒரு வார்த்த. எங்க வூட்டம்மாகிட்ட ஊர மாத்தச் சொல்லணும்."

"உள்ள இருக்கறவங்களுக்கு இல்லாத அவசரம் உங்களுக்கு எதுக்கு சார்? தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றான். கடலாடி இல்லையென்றால் அவள் எதைக் கேட்பாள்? சேலமா, தருமபுரியா? மூன்று வருஷம்! கடைசியாக ஒருமுறைகூடப் படகில் ஏறவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டான். பச்சைமுத்து ஓடி வந்து துண்டால் விசிறி, பிளாஸ்க் மூடியில் கஷாயத்தை ஊற்றி அவன் வாயில் சாய்த்தார்.

ஒரு மணி நேரம் கழித்துக் கலைப்பிரியா வெளியே வந்தாள். கையில் மடித்த காலியிடப் பட்டியல்.

"எந்த ஊரு?" என்று கேட்பதற்குள் அவனுக்கு உயிர் போய் வந்தது.

"கடலாடி."

"அது போயிடுச்சின்னாங்களே!"

"எனக்குக் கெடச்சிடுச்சி."

இரண்டு காலியிடம் இருந்திருக்கும், அந்த வாத்தியார் அவசரத்தில் ஒன்று என்று சொல்லியிருப்பார் என்று தென்னரசு முடிவு செய்துகொண்டான். "கையெழுத்துப் போட்டுட்டியா? இனிமே மாத்த முடியாதில்ல?"

"மூணு வருஷத்துக்கு மாத்த முடியாது."

எட்டு மாதப் பாரம் இறங்கிவிட்டது. பச்சைமுத்து மறுபடியும் பிளாஸ்க்கைத் திறந்தார். அந்தக் கசப்பை இனி ஒரு மடக்கு விழுங்கவும் அவனுக்குத் தெம்பில்லை. அதைவிட, தன்னை நம்பி ஊரையே மாற்றிக்கொண்டு நிற்கிறவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"கலை, ஒண்ணு சொல்லணும். எனக்கு மூச்சிரைப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கெழமைல முகாமும் இல்ல. பாய்மரப் படகு ஓட்டக் கத்துக்கினு இருக்கேன். அதுக்குத்தான் கடலோரமா வேணும்னு கேட்டேன். கடலாடியிலேர்ந்து அரைமணி நேரத்துல கடல். உங்கிட்ட பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிடு."

"அப்ப நெஞ்சுல கொர்ருன்னுதே?" என்றார் பச்சைமுத்து.

"பசி மாமா."

கலைப்பிரியா கத்துவாள், அழுவாள், அங்கேயே உட்கார்ந்துவிடுவாள் என்றெல்லாம் அவன் எதிர்பார்த்தான். அவள் முந்தானையால் அவன் மோவாயில் வழிந்திருந்த கஷாயத்தைத் துடைத்துவிட்டாள்.

"சரி வாங்க. மணி ரெண்டாவுது, சாப்புடலாம்."

இவ்வளவுதானா! இப்பேர்ப்பட்ட பெண்டாட்டியிடம் முதல் நாளே சொல்லாமல் போனோமே என்று அவனுக்குக் கண் கலங்கியது. படகுக்கு அவள் பெயரையே வைத்துவிடுவது என்று அங்கேயே தீர்மானித்தான்.

மூவரும் கேட்டைத் தாண்டுவதற்குள், உள்ளே கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொண்டிருந்த ராஜாமணி என்கிற அம்மாள் ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"டீச்சர், ஆர்டர் காப்பிய வுட்டுட்டுப் போறீங்களே! 'ரெண்டு கடலாடி இருக்குது, மாத்திப் போட்டுடாதீங்க, படகு பைத்தியம் புடிச்ச எங்க வூட்டுக்காரருக்கு நீச்சலே தெரியாது'ன்னு அத்தினி வாட்டி சொன்னீங்களே, பயப்படாம போங்க, திருவண்ணாமலை பக்கம் மலையடிவாரத்துல இருக்கற கடலாடியத்தான் போட்டிருக்கேன்!"