சாமித்தட்டில் இருந்த டைமிங் பெல்ட்

குறைவாக ஓடிய கார் நல்ல கார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொன்னேன். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன். அப்படிச் சொல்லித் திரிந்ததால்தான் என் மனைவி பவளம், இரண்டு முழங்காலும் தேய்ந்த நிலையில், இன்றைக்கும் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருக்கிறாள். முருகா, இதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவரும் இந்தக் கதையைக் கேட்காமல் திரும்பிப் போனதில்லை. மற்றவர்கள் சொல்வதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. (அவர்கள் சொல்லும்போது நான் இன்னும் பெரிய மடையனாகத் தெரிகிறேன்.)

நான் அதிகம் படித்தவன் இல்லை. ஒருகொடவத்தையில் ஒரு களஞ்சியத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து தலை நரைத்தவன். அங்கே நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: பாவிக்காத சாமான் புதுச் சாமான். பெட்டி உடைக்காமல் தட்டில் இருந்தால் பத்து வருடம் கழித்தும் அது புதுசு என்றே புத்தகத்தில் எழுதுவேன். அந்த அறிவோடுதான் ஒரு கார் வாங்கினேன். சின்ன வெள்ளை ஜப்பான் கார். சீற்றின் பொலித்தீன் உறையைக்கூட நான் கழற்றவில்லை. வெயில் நாளில் எழும்பும்போது அது காற்சட்டையோடு ஒட்டிக்கொண்டு வரும். பரவாயில்லை என்று இருந்தேன்.

வேலைக்கு பஸ்ஸில் போனேன். காரைக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். வெள்ளிக்கிழமை மட்டும். அந்தக் கோயில் நடந்து போகிற தூரம்தான். பவளத்தைக் களுபோவில ஆஸ்பத்திரிக்கு முழங்கால் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதுகூட ஆட்டோவில்தான். (வாசலில் கார் நிற்கும். நாங்கள் இருவரும் அதைத் தாண்டிப் போய் வீதியில் ஆட்டோ மறிப்போம்.) பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்று அழுத காலத்தில், மீற்றர் ஏறாமல் நிற்கிறதே என்று உள்ளுக்குள் மகிழ்ந்த ஒரே பாவி நானாகத்தான் இருப்பேன்.

தெஹிவளையில் சுனில் பாஸ் என்று ஒரு சிங்கள மெக்கானிக். ஒருமுறை எண்ணெய் மாற்றக் கொண்டுபோனபோது அவர் எஞ்சின் பக்கம் எட்டிப்பார்த்துவிட்டு, "மாத்தயா, டைமிங் பெல்ட் பரணய்," என்றார். பழசாகிவிட்டதாம்.

"எப்பிடிப் பழசாகும்? கார் ஓடவே இல்லையே. லட்சம் கிலோமீற்றர் ஓடினாப்பிறகுதானே மாத்திறது?"

"கிலோமீற்றர் நெமெய், அவுருது!" என்றார். கிலோமீற்றர் அல்ல, வருடம். பிறகு பாதித் தமிழில் விளக்கினார். எஞ்சினுக்குள் மேலே வால்வுகள் ஆடுகின்றன, கீழே பிஸ்டன்கள் ஏறி இறங்குகின்றன, இரண்டும் ஒன்றோடொன்று முட்டாமல் ஓட வைப்பது இந்த ரப்பர் பட்டிதான். ஓடினால் தேயும். ஓடாமல் கிடந்தாலும் வருடம் போகப் போக ரப்பர் இறுகும். அறுந்தால் எஞ்சின் போய்விடும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "மாத்தினாலும் சரி, மாத்தாட்டியும் சரி, உங்கட விருப்பம்," என்று அடுத்த காருக்குள் தலையை விட்டுக்கொண்டார். என்னைப் போன்ற ஆளிடம் ஒருபோதும் 'உங்கட விருப்பம்' என்று சொல்லக்கூடாது.

ஆனாலும் பயம் வந்தது. பஞ்சிகாவத்தைக்குப் போய் கடை கடையாக ஏறி இறங்கி, அசல் ஜப்பான் பெல்ட் ஒன்று வாங்கினேன். அன்று வெள்ளிக்கிழமை. வாங்கிய பொருளை நேரே சாமியறையில் வைப்பது எங்கள் வழக்கம். பெல்ட்டை ஒரு பித்தளைத் தட்டில் வைத்து, சந்தனம் குங்குமம் பூசி, முருகனுக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் வைத்தேன். பவளம் கற்பூரம் காட்டினாள்.

அங்கேதான் பிழை நடந்தது. தட்டில் வைத்த பொருளைப் பார்க்கப் பார்க்க என் ஸ்டோர் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. பழைய பெல்ட்டில் பாதிக்கு மேல் ஓட்டம் மிச்சம் இருக்கிறது. அதைக் கழற்றி எறிவதா? புதுசைப் போட்டுப் பழசாக்குவதா? முதலில், ஆடி மாதம் ஒன்றும் தொடங்கக்கூடாது என்றேன். பிறகு சனி மாறட்டும் என்றேன். அதற்குப் பிறகு சாட்டுச் சொல்வதையும் விட்டுவிட்டேன்.

வங்கியில் வேலை செய்யும் என் மகள் துஷி ஒருநாள் விளக்கேற்றப் போனவள் திரும்பி வந்து கேட்டாள்:

"அப்பா, எஞ்சினுக்குள்ள இருக்கவேண்டிய சாமான் சாமியறைக்குள்ள என்ன செய்யுது?"

"இருக்கட்டும் பிள்ளை. ஓடுற எஞ்சினைத் திறக்கக்கூடாது. பழசு இன்னும் கனகாலம் ஓடும்."

"எவ்வளவு காலம்?"

"நான் ஓடுற ஓட்டத்துக்கு, நான் போய்ச் சேர்ந்தாப்பிறகும் ஓடும்."

"அப்ப சரி. நீங்கள் போகேக்க புதுசையும் பெட்டிக்குள்ள வைச்சு விடுறம்."

பவளம் அடுப்படியில் இருந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வருடங்கள் போயின. பெல்ட்டுக்கு மட்டும் தினமும் பூ கிடைத்தது.

இதற்கிடையில் பவளத்தின் முழங்கால் மோசமாகிக்கொண்டு வந்தது. எங்கள் தொடர்மாடியின் லிப்ட் பழுதாகி, திருத்துவதற்கான கூட்டங்கள் மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தன. கிளினிக் டொக்டர் படி ஏறவே கூடாது என்றார். அப்போதுதான் தெஹிவளையில் ஒரு கீழ்வீடு வந்தது. வீதியில் இருந்து நேரே உள்ளே போகலாம், ஒரு படிகூட இல்லை. பார்க்கப் போன அன்று பவளம் அந்த வாசலால் உள்ளே போனாள், வெளியே வந்தாள், மறுபடியும் உள்ளே போனாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மா," என்றாள். கண் நிறைந்திருந்தது. எங்கள் திருமணத்தன்றும் அவள் முகத்தில் அவ்வளவு சந்தோசத்தை நான் காணவில்லை. (அதற்கும் காரணம் நானாக இருக்கலாம்.)

முற்பணத்துக்கு எங்களிடம் இருந்த ஒரே சொத்து அந்தக் கார்தான். புதுக் கார் நாட்டுக்குள் வராத காலம் அது. பழைய கார்களின் விலை வானத்தில் நின்றது. என் காரோ வெறும் பழசு இல்லை, பொலித்தீனோடு இருக்கும் பழசு. கீழ்வீட்டுச் சொந்தக்காரர் மாத முடிவு வரை பொறுப்பதாகச் சொன்னார். விளம்பரம் போட்டேன். கொட்டாஞ்சேனையில் இருந்து அல்பேட் ஐயா வந்தார். இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், என் வயதுதான். மனைவி றீற்றாவையும் கூட்டிக்கொண்டு மூன்று மாடியும் ஏறி வந்தார். அவர்களைக் கண்ட நேரமே பவளத்துக்குப் பிடித்துவிட்டது. ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தாள். சமையல் பாத்திரங்களைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கட்டியும் வைத்திருந்தாள்.

அல்பேட் ஐயா தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்டார். "ஐயா, டைமிங் பெல்ட் மாத்திட்டீங்களா?"

நான் எதிர்பார்த்திருந்த கேள்வி. எழும்பிச் சாமியறைக்குப் போனேன். பித்தளைத் தட்டில் வெற்றிலையும் எலுமிச்சம்பழமும் வைத்து, நடுவில் அந்தப் பெல்ட்டையும் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தேன்.

"புதுசு. அசல். பூசையில வைச்சது. காரோட சேர்த்துத் தாறன்."

றீற்றா அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு தட்டை வாங்கினார்.

"அப்ப உள்ள இருக்கிறது?" என்றார் அல்பேட் ஐயா.

"அதுவும் புதுசு மாதிரித்தான். ஓடினால்தானே ஐயா தேயும்!"

அல்பேட் ஐயா எழும்பினார். பிறகு, ஓடிப் பார்ப்போம் என்றார். அவர் ஓட்ட, நான் பக்கத்தில். பின்சீற்றில் பொலித்தீன் மேல் றீற்றா அம்மா, மடியில் தட்டு. காலி வீதியில் தெஹிவளைப் பக்கம் போனோம்.

"எஞ்சின் சத்தமே இல்லையே ஐயா," என்றார்.

"பச்சைப்பிள்ளை மாதிரி வளர்த்தது."

கால்வாய்ப் பாலத்துக்குக் கிட்ட, டப் என்று ஒரு சின்னச் சத்தம். தேங்காய் உடைத்ததுபோல்கூட இல்லை, விரல் சொடக்குப் போட்டதுபோல. அதற்குப் பிறகு கார் அப்படியே அமைதியாகிவிட்டது.

"பாத்தீங்களோ," என்றேன் நான் பெருமையாக, "இப்ப இன்னும் சத்தமில்லை!"

அல்பேட் ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். கார் மெல்ல மெல்ல ஊர்ந்து, வீதியின் நடுவில் நின்றது.

திறப்பைத் திருகினார். விர்ர் என்று இலேசாகச் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருகினார். பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கின. ஒரு கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி, "அய்யே, அயின் கரண்ட!" என்று கத்தினார். ஓரத்துக்கு எடுக்கட்டாம். எங்கே அயின் ஆவது? நான் இறங்கித் தள்ளினேன். தள்ளினால் ஸ்டார்ட் வரும் என்று யார் யாரையோ கூப்பிட்டேன். நாலைந்து பேர் சேர்ந்து தள்ளினார்கள். அல்பேட் ஐயா கியரில் போட்டு விட்டார். உள்ளே கடகடவென்று ஏதோ அரைபட்டது. வேட்டி கட்டியிருந்த நான் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "இன்னொருக்கால்! இன்னொருக்கால்!" என்று கத்தினேன். செத்த எஞ்சினுக்குப் பாடை கட்டி ஊர்வலம் விட்டது நான்தான்.

ஓரத்துக்கு வந்ததும் அல்பேட் ஐயா வியர்த்துக் கொட்டியபடி என் கையைப் பிடித்தார். "மன்னிச்சிருங்க ஐயா. என் பிழைதான். கியரை முறையா மாத்தல போல."

"இல்லை ஐயா, நீங்கள் நல்லாத்தான் ஓட்டினனீங்கள். பெற்றோல் குறைவாயிருக்கும். என்ர பிழை."

"இல்லங்க, என் கையில தானே நின்னுச்சு."

"என்ர கார்தானே ஐயா."

இப்படிக் குற்றத்தை ஆளுக்காள் பறித்துக்கொண்டு நின்றோம். அவர் அந்தோனியாரைக் கூப்பிட்டார், நான் முருகனைக் கூப்பிட்டேன். கடைசியில் றீற்றா அம்மாதான், "சாமிமாரை விட்டுட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன்," என்றார்.

சுனில் பாஸ் வந்தார். முன்மூடியைக் கழற்றி, கையை உள்ளே விட்டு, நார்நாராகப் பிய்ந்த ஒரு கறுப்புத் துண்டை வெளியே இழுத்தார். என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். பிறகு அவர் பார்வை பின்சீற்றுக்குப் போனது.

"நோனா, மடியில என்ன?"

றீற்றா அம்மா தட்டை உயர்த்திக் காட்டினார். வெற்றிலை, எலுமிச்சம்பழம், நடுவில் சந்தனம் பூசிய புத்தம்புதுப் பெல்ட்.

சுனில் பாஸ் வீதியோரத்தில் குந்திவிட்டார். சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. தள்ள வந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். கொண்டக்டரின் பஸ் நகர்ந்து போகும்போது ஜன்னலோரத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு சுனில் பாஸ் என் முகத்தைக் கண்டார் போல, சிரிப்பு நின்றது. எழும்பி, பொனற்றை மெதுவாகச் சாத்தினார். செத்தவரின் கண்ணை மூடுவதுபோல் இருந்தது.

"வால்வ் எல்லாம் வளைஞ்சிருக்கும் மாத்தயா. தள்ளினதில மிச்சமும் போயிருக்கும்."

அல்பேட் ஐயா காரை வாங்கவில்லை. எப்படி வாங்குவார்? ஆட்டோ பிடித்து என்னை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டார். தட்டை என் கையில் தந்து, "மனசை விட்றாதீங்க ஐயா. அம்மாவுடைய காலுக்கு நான் ஒரு மெழுகுதிரி கொளுத்துறேன்," என்றார். அவ்வளவு நேரம் அழாமல் இருந்தவன் அப்போது அழுதுவிட்டேன்.

தட்டோடு மூன்று மாடி ஏறினேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பவளம் நின்றாள்.

"என்ன, வித்துப்போச்சோ?"

"பெல்ட் அறுந்திட்டுது."

அவள் தட்டைப் பார்த்தாள். "முழுசாத்தானே இருக்கு?"

பார்த்துக்கொண்டு நின்ற அவள் முகத்தில் அது மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டு வந்தது. உள்ளே போய், பத்திரிகைத் தாளைப் பிரித்து, பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் அடுக்கினாள்.

பின்னேரம் துஷி வந்து எல்லாம் கேட்டாள். நான் சாமியறை வாசலில் இருந்து, "இவ்வளவு கும்பிட்டும் முருகன் காப்பாத்தேல்லையே," என்று புலம்பினேன்.

"காப்பாத்தினவர்தானே அப்பா," என்றாள். "நீங்கள் பெல்ட்டைத்தானே குடுத்தனீங்கள்? அதில ஒரு கீறல்கூட இல்லை. எஞ்சினை நீங்கள் அவரிட்டக் குடுக்கேல்லை."

நான் கடவுளைக் குறை சொல்லவில்லை. அன்று புலம்பியது வெறும் புலம்பல்தான். அவர் சுனில் பாஸின் வாயால் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவர் இறங்கி வந்து பொனற்றைத் திறக்க முடியுமா?

திருத்துகிற செலவைக் கேட்டுத் தலை சுற்றியது. கிடைத்த விலைக்குக் காரைக் கொடுத்தோம். கீழ்வீட்டின் முற்பணத்துக்கு அது எட்டவில்லை. அந்த வீட்டுக்கு ஒரு இளம் சோடி குடிவந்தது. (நாலு முழங்காலும் நல்லதாம்.) லிப்ட்டுக்கான கூட்டங்கள் இன்னும் நடக்கின்றன.

என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். இரண்டாம் மாடித் திருப்பத்தில், பவளம் ஏறும்போது இருந்து களை ஆறட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் கதிரை வாங்கிப் போட்டேன். முதல் நாள் அதில் இருந்து, இரண்டு பக்கமும் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கார் வித்த காசில வாங்கினது. அப்ப இது கார்தான்," என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மட்டுமல்ல, மாடி முழுக்க அதற்குக் கார் என்றே பெயர். அம்மா எங்கே என்று யாராவது தொலைபேசியில் கேட்டால் துஷி, "காரில இருக்கிறா, இப்ப வந்திடுவா," என்கிறாள். கேட்பவர்கள் எங்களிடம் இன்னும் கார் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

போன கிழமையும் சந்தைக்குப் போய் வந்தோம். பவளம் கதிரையில் இருந்து மூச்சு வாங்கினாள். நான் மரக்கறிப் பைகளோடு பக்கத்தில் நின்றேன். படியால் இறங்கி வந்த மேல்வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "என்ன அன்ரி, கார் நடுவழியில நிண்டிட்டுதோ?"

"இல்லைப் பிள்ளை," என்றாள் பவளம், முழங்காலைத் தடவியபடி. "இதை இவர் நடுவழியில நிக்கிறதுக்கெண்டே வாங்கினவர்."