திரையை மூடியும் ஓயாத சங்கு

படித்து முடித்த கையோடு ஊருக்கு உதவப் புறப்படும் கணினிக்காரனைக் கண்டால், ஊர் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. நான் அப்படிப் புறப்பட்டவன்.

எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் எங்களுடையது (எங்களுடையது என்றால், நாங்கள் குடியிருப்பது, முதலாளி யாரென்று இன்றுவரை தெரியாது). அப்பா பெக்டரியில் மெஷின் பழுது பார்ப்பவர். அம்மா மலையில் கொழுந்து எடுப்பவர். பெக்டரியில் நேரம் சொல்லும் மின்சாரச் சங்கைக் கணினியே ஊதினால் நன்றாயிருக்கும் என்று, தோட்டத்தை நடத்தும் தொரை ஒருநாள் சொல்ல, "என் மகன் செஞ்சி குடுப்பான் சார்" என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். தொரையிடம் அவர் எதற்கும் வாக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

ஒரு அலாரம் மணிக்கூடு செய்கிற வேலை. ஆனால் படித்தவன் அப்படிச் செய்யலாமா? வேலைக்கு வந்த ஆட்களுக்குப் பேர் போடும் மென்பொருள் ஒன்று ஒபீஸ் கணினியில் இருந்தது. அதன் வயிற்றுக்குள் இன்னொரு பெரிய மென்பொருள் கட்டமைப்பை வைத்தேன். வேண்டிய பகுதிகளை அதில் தனித்தனியாகச் செருகலாம், கழற்றலாம். பேர் போடும் மென்பொருளைத் திறந்தால், என் நிரல் உள்ளே இருக்கும் கட்டமைப்பைத் தானே கிளப்பிவிடும். அதில் செருகியிருக்கும் சங்குப் பகுதி பன்னிரண்டு மணிக்கு ஊதும். கிளப்புவதற்கு அழகாக எழுதினேன். நிறுத்துவதற்கு எழுதவில்லை. (வெளியே இருப்பதை மூடினால் உள்ளே இருப்பதும் அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்காது.)

ஒபீசில் பேர் போடும் கிளாக்கர் ஐயா கவனமான மனுஷன். தேத்தண்ணி குடிக்க எழும்பினாலும் மென்பொருளை மூடிவிட்டுத்தான் எழும்புவார். வந்து மறுபடி திறப்பார். அன்று காலை மட்டும் ஒன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் திரை மூடியது, உள்ளே கிளம்பியது மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்துகொண்டது. பன்னிரண்டு மணிக்கு நானும் அப்பாவும் பெக்டரி வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றோம். சங்கு ஊதியது, ஓய்ந்தது, மறுபடி ஊதியது. ஒன்பதும் வரிசையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாக ஊதத் தொடங்கின.

எங்கள் தோட்டத்தில் சங்கு ஒரு தடவை ஊதினால் சாப்பாடு. விடாமல் ஊதினால் பெக்டரியில் தீ.

மலையெங்கும் ஆட்கள் இறங்கி ஓடி வந்தார்கள். நான் ஒபீசுக்கு ஓடி, எங்கே பிழையென்று பார்க்க மென்பொருளைத் திறந்தேன். அதாவது பத்தாவதையும் கிளப்பிவிட்டேன். (பன்னிரண்டு தாண்டியிருந்தால் உடனே ஊதட்டும் என்று வேறு எழுதி வைத்திருந்தேன். அவ்வளவு முன்யோசனை.) பின்னால் வந்த அப்பா என்னைத் தள்ளிவிட்டு மெயின் சுவிட்சை இறக்கினார்.

வெளியே வந்தபோது அம்மா நின்றுகொண்டிருந்தார். முதுகில் கொழுந்துக் கூடை, ஒரு காலில் மட்டும் செருப்பு, கையில் யார் வீட்டு வாளியோ. அப்பாவைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க உள்ளதான் இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

அதுவரை என் நிரலைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் குனிந்து அம்மாவின் முதுகிலிருந்து கூடையை இறக்கினேன். வெட்கமாக இருந்தது.

தொரை ஜீப்பில் வந்து இறங்கினார். நான் வாயைத் திறக்குமுன் அப்பா முன்னால் போய், மகன் செய்த பிழை, பொறுப்பு தன்னுடையது என்றார். தொரை வாளிகளோடு நின்ற கூட்டத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டார். இல்லை. பிறகு கிளாக்கர் ஐயாவைக் கூப்பிட்டு, தரச் சான்றிதழ்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்த தீ ஒத்திகை இன்று நடந்துவிட்டது என்று எழுதச் சொன்னார்.

"எல்லாரும் நல்ல வேகமா வந்தீங்க. போய்ச் சாப்பிடுங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பா பெருமூச்சு விட்டு, தோளில் கிடந்த எண்ணெய்த் துணியால் முகத்தைத் துடைத்துக் கறுப்பாக்கிக்கொண்டார்.

இப்போது கண்டியில் வேலை. நிறுத்துவதை எழுதிய பிறகே கிளப்புவதை எழுதுகிறேன். வீட்டில் அதற்கொன்றும் மதிப்பில்லை. கேஸ், பைப்பு, கதவு, எதை மூடிவிட்டேன் என்று சொன்னாலும் அம்மா கேட்பார்: "மூடுனியா, நிப்பாட்டுனியா?" கேட்டுவிட்டு, அவரே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டும் வருவார். பெண் பார்க்கப் போன இடத்தில் என் படிப்பைச் சொல்வதற்கு முன்பே இந்தக் கதையைத்தான் சொன்னார். நல்லவேளை, பெண் கொடுத்துவிட்டார்கள். இப்போது வீட்டில் அதைக் கேட்க இரண்டு பேர்.