விதைநெல் அறையில் ஓர் அணு

யூ.பி.எஸ் பெட்டி கீச்சிடத் தொடங்கியதும் கிருசாந்தன் வாயில் ரொட்டித் துண்டோடு எழும்பி ஓடினான்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. லைன் வேலை காரணமாக வெள்ளிக்கிழமை வரை பகலில் கரண்ட் இராது என்று முதல்நாளே ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவில் சொல்லிக்கொண்டு போனார்களாம். தர்மபுரம் முழுக்கக் கேட்டது. விதைநெல் அறைக்குள் பத்தொன்பது நாளாகக் குடியிருந்தவனுக்கு மட்டும் கேட்கவில்லை. யூ.பி.எஸ் இருபது நிமிடம் தாங்கும். அதற்குப் பிறகு கணினி நிற்கும். கணினி நின்றால் பத்தொன்பது நாள் கணக்குப் போச்சு. கணக்குப் போனால் வேலை போச்சு.

அந்த வேலையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கிருசாந்தன் கோட்பாட்டு இரசாயனத்தில் கலாநிதி. நோர்வேயில் போய் நாலு வருடம் குளிரில் நடுங்கிப் படித்த படிப்பு. ஊருக்கு அவன் ‘கெமிஸ்ட்ரி டொக்டர்’. பக்கத்து வீட்டு நாகேஸ்வரி அக்கா ஒருநாள் சுருண்ட மிளகாய் இலையோடு வந்தார்.

“தம்பி, இதுக்கு என்ன மருந்து அடிக்கிறது?”

“தெரியாதக்கா. நான் மருந்தெல்லாம் தொடுறேல்லை.”

“அப்ப எங்கட கிணத்துத் தண்ணியையாவது பாத்துச் சொல்லுங்கோவன். கல்சியம் கூடவாம்.”

“நான் தண்ணியும் தொடுறேல்லை. எல்லாம் கொம்பியூட்டருக்குள்ளை போடுற கணக்கு.”

நாகேஸ்வரி அக்கா இலையைத் திரும்பச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். “அப்ப என்ன கண்டறியாத டொக்டர்?” என்றார். கோபத்தில் அல்ல, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். அதுதான் அவனுக்கு இரண்டு நாள் சோறு இறங்காமல் செய்தது.

ஒன்பது வருடமாக அவன் கம்பஸில் தற்காலிக விரிவுரையாளர். ஆண்டு முடிவில் ஒரு கடிதம் வரும், இன்னும் ஒரு வருடம் நீடிக்கும். கல்யாணத் தரகர் மூன்று தரம் வந்து, மூன்று தரமும் “நிரந்தரமோ?” என்று கேட்டு, தேத்தண்ணியை முழுதும் குடிக்காமல் போனார். இந்த வருடம்தான் ஒரேயொரு நிரந்தர இடம் வந்தது. நேர்முகம் முடிந்து வெளியே வந்தவனைத் துறைத் தலைவி ஓரமாகக் கூப்பிட்டு, “அந்தக் கட்டுரையைத் திருத்தி வெள்ளிக்கிழமைக்குள்ளை சஞ்சிகைக்கு அனுப்பிப்போடும். மிச்சத்தை நான் கதைக்கிறன்” என்றிருந்தார். திருத்தத்துக்கு ஒரேயொரு எண் தேவைப்பட்டது. தண்ணீரில் கிடக்கும் ஒரு ஃபுளோரைட் அணு (அயன் என்பதுதான் சரி, வீட்டில் அணு என்றே பெயர்) செங்களியில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்ற எண்.

அந்த எண்ணுக்குத்தான் இருபத்திரண்டு நாள். கம்பஸில் ஊழியர் வேலைநிறுத்தம். கணினி அறைக்குப் பூட்டு. ஆகவே தன் கணினியைப் பெட்டியில் கட்டி பஸ்ஸில் ஏற்றி, அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். வீட்டில் தூசியும் கோழியும் வராத ஒரே அறை விதைநெல் அறை. இடையிடையே கணக்கைச் சேமித்து வைக்க வழியிருந்தது. இடம் போதவில்லை என்று அதை அவனே நிறுத்தியிருந்தான். படித்தவன் செய்கிற பிழையைப் படிக்காதவன் செய்யமாட்டான்.

“என்னாடா அது, குருவி மாதிரி கத்துது?”

அப்பா மூக்கன் வாசலில் நின்றார். ஹற்றன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து இருபது வயதில் வன்னிக்கு வந்து, காடு வெட்டி மூன்று ஏக்கர் வயலாக்கிய மனிதர். வந்து நாற்பத்தைந்து வருடமாகியும் பேச்சில் மலைநாடு போகவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. மகன் வேலை பற்றி அவர் அதுவரை சொன்ன ஒரே அபிப்பிராயம், “ஒரு அணுவுக்குப் பத்தொம்பது நாளா? கரண்டு பில்ல யாரு கட்டுறது?” என்பதுதான்.

“கரண்ட் போட்டுது அப்பா. பதினைஞ்சு நிமிசத்திலை எல்லாம் சரி. என்ரை கதையும் முடிஞ்சுது.”

மூக்கன் கொஞ்சநேரம் அந்தப் பெட்டியைப் பார்த்தார். பிறகு கொட்டிலுக்குப் போய், உழவு மெசினின் பெற்றரியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். விதைப்புக் காலத்தில்! கிருசாந்தன் திகைத்துப்போனான்.

“அப்பா, உழவு?”

“உழவு கெடக்கட்டும். சந்தியில ஸ்பீக்கர் போடுற அனிஸ்ரன் தம்பிகிட்ட இன்வேர்ட்டர் இருக்கு. ஓடு.”

ஓடினான். பதினாலாவது நிமிடத்தில் பெற்றரி, இன்வேர்ட்டர், கணினி எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தன. பகலில் பெற்றரியில் ஓடும், கரண்ட் வந்ததும் இரவில் பெற்றரி சார்ஜ் ஏறும். பிரச்சினை தீர்ந்தது.

தீர்ந்ததா? பெற்றரியும் இன்வேர்ட்டரும் கணினியும் சேர்ந்து அந்த ஜன்னலில்லாத அறையைப் பாண் சுடும் போறணையாக்கிவிட்டன. மத்தியானம் கணினி சூடாகி முனகத் தொடங்கியது. மூக்கன் சாக்குகளைக் கிணற்றில் நனைத்துச் சுவரிலும் கூரைத் தடியிலும் தொங்கவிட்டார். உலர உலர வாளி வாளியாக ஊற்றினார். அறுபத்தைந்து வயதில் இந்த மனிதருக்கு இவ்வளவு உற்சாகம் எங்கிருந்து வந்தது என்று மகனுக்கு விளங்கவில்லை.

“நான் நாளைக்கு ஒருக்காக் கம்பஸுக்குப் போட்டு வரட்டோ அப்பா? துறைத் தலைவி மேடம் ரெண்டு மூண்டு நாளாப் போன் எடுக்கிறா இல்லை. நேரை கண்டு, இன்னும் ஒரு கிழமை தவணை கேட்டுப் பாக்கலாம்.”

மூக்கனின் கையிலிருந்து வாளி விழுந்தது.

“வேணாம்! நீ போயிட்டா இத யாரு பாக்குறது? ஸ்ட்ரைக்குல அங்க யாரு இருப்பா? பேசாம ஒக்காரு.”

உட்கார்ந்தான்.

வியாழன் காலை அறையிலிருந்து ஒரு வாசம் வந்தது. புளித்த, இனித்த வாசம். அம்மா சிவலட்சுமி மூக்கைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனவர் தலையில் கைவைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“அடப் பாவிங்களா! வெதநெல்லு மொளச்சிருச்சுடா!”

சாக்கிலிருந்து இரண்டு நாள் சொட்டிய தண்ணீரும் அறையின் சூடும் சேர்ந்து அடுக்கியிருந்த ஆறு மூட்டையையும் முளைகட்ட வைத்திருந்தன. முளைத்த நெல் காத்திருக்காது. அன்றைக்கே சேற்றில் எறியவேண்டும். சேறடிக்க மெசின் வேண்டும். மெசினுக்குப் பெற்றரி வேண்டும். பெற்றரியில் ஃபுளோரைட் அணு ஓடிக்கொண்டிருந்தது.

“பெற்றரியக் கழட்டுங்க” என்றார் சிவலட்சுமி. “ஒரு போகம் போயிரும். சோத்துக்கு என்னா பண்றது?”

“தொடக்கூடாது” என்றார் மூக்கன். “மெசினத் தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கலாம்.”

அயலில் உள்ள எட்டுப்பேர் தள்ள வந்தார்கள். நாகேஸ்வரி அக்காவும் ஒரு கை கொடுத்தார். மூக்கன் ஏறி உட்கார்ந்தார். “ஏலேலோ” என்று தள்ளினார்கள். மெசின் இருமியது, தும்மியது, பிறகு திடீரென்று உயிர் பிடித்து ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து ஒழுங்கை முகப்பில் நின்ற கரண்ட் போஸ்ரில் முட்டியது. போஸ்ர் மெல்லச் சரிந்தது. கம்பிகள் அறுந்து நாகேஸ்வரி அக்காவின் மிளகாய்ப் பாத்தியில் விழுந்தன. பகலில் கரண்ட் இல்லாதபடியால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இனி இரவிலும் கரண்ட் இல்லை. ஒழுங்கை முழுவதற்கும் இல்லை.

“நல்லாச் செய்தியள் ஐயா” என்றார் நாகேஸ்வரி அக்கா. “மிளகாய்க்கு இனி மருந்து தேவையில்லை.”

கிருசாந்தனுக்குப் பூமி பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது. பெற்றரி மாலை வரைக்கும்தான் வரும். “விடுங்கோ அப்பா, எனக்கு விதியில்லை” என்றான்.

“விதியாவது மண்ணாவது. அனிஸ்ரன்கிட்ட ஜெனரேற்றர் இருக்குல்ல?”

இருந்தது. சனிக்கிழமை முல்லைத்தீவில் பெருநாளுக்கு லைட் கட்டப் போகவேண்டிய ஜெனரேற்றர். மூக்கன் போய் என்ன சொன்னாரோ தெரியாது, அனிஸ்ரன் அதை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு தானே வந்து இறக்கினான். அவன் முகத்தில் செத்தவீட்டுக்கு வந்தவனின் அடக்கம் இருந்தது.

“ஐயா கேட்டா இல்லையெண்டு சொல்லேலுமே அண்ணை? ஆனா டீசல் இல்லை. சந்திப் பெற்றோல் செட்டிலையும் முடிஞ்சுது.”

டீசல் இருந்த ஒரே இடம், போஸ்ரில் முட்டியும் நிற்காமல், தள்ள வந்த ஒருவர் ஓட்ட வயலில் சேறடித்துக்கொண்டிருந்த மெசினின் தாங்கி. மூக்கன் பாதி வயலோடு மெசினை நிறுத்தி, குழாய் போட்டு வாயால் உறிஞ்சி, பிளாஸ்ரிக் கானில் டீசலை இறக்கிக் கொண்டுவந்தார். டீசல் இல்லாமல் இனி அது கிளம்பாது. மூன்று மூட்டை முளைநெல் வரம்பிலேயே கிடந்தது. சிவலட்சுமி அதைப் பார்த்தார். பிறகு மாட்டை அவிழ்த்துவந்து நெல்லுக்குக் கிட்டே கட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் புருசனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜெனரேற்றர் முற்றத்தில் அலறியது. பின்னேரம் மூக்கன் டீசல் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மகனுக்குப் பக்கத்தில் குந்தினார்.

“எப்ப முடியும்?”

“நாளைக்குப் பின்னேரம் முடிஞ்சிடும் அப்பா.”

“அவ்வளவு சீக்கிரமாவா?”

“சீக்கிரமோ! இருபத்திரண்டு நாள்!”

மூக்கன் நிலத்தைக் கீறிக்கொண்டிருந்தார். “இல்ல... ஒரு அணுதானே போட்டிருக்க? ரெண்டாப் போட்டுப் பாக்கக் கூடாதா? ஒன்ன மட்டும் வச்சுச் சொன்னாப் பெரியவங்க ஒத்துக்குவாங்களா?”

கிருசாந்தன் அப்பாவை அதிசயமாகப் பார்த்தான். ஒன்பது வருடத்தில் அவனுடைய ஆராய்ச்சி பற்றி அவனிடம் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி அது. சஞ்சிகையின் மதிப்பாய்வாளரும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டிருந்தார்.

“ரெண்டெண்டால் இன்னும் ரெண்டு மாசம் எடுக்கும் அப்பா.”

“எடுக்கட்டுமே” என்றார் மூக்கன் அவசரமாக. “டீசலுக்கு நான் பாத்துக்கிறேன்.”

அந்தக் கணத்தில் கிருசாந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. படிப்பித்தவர்களுக்கு விளங்காதது, கூடப் படித்தவர்களுக்கு விளங்காதது, பெயர் எழுதத் தெரியாத தன் அப்பாவுக்கு விளங்கிவிட்டதே என்று நினைத்தான். போகம் போனாலும் போகட்டும், முதல் மாதச் சம்பளத்தில் புதிய பெற்றரி வாங்கித் தருவேன், போஸ்ரைக் கட்டித் தருவேன், அம்மாவைக் கும்பிட்டுக் கேட்பேன் என்றெல்லாம் மனதுக்குள் அடுக்கினான்.

வெள்ளிக்கிழமை மூன்று பத்துக்குக் கணக்கு முடிந்தது. எண் வந்தது. எதிர்பார்த்ததை விட நல்ல எண். அதைக் கட்டுரையில் போட்டான், அட்டவணையைத் திருத்தினான், போனில் இன்ரநெற் எடுத்து அனுப்பினான். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ‘கிடைத்தது’ என்று பதில் வந்தது.

முற்றத்துக்கு ஓடிவந்தான். இத்தனை நாள் வெயில் காணாத கண் கூசியது.

“அப்பா! அனுப்பிப்போட்டன்! இனி நிரந்தரம்! தரகரை வரச் சொல்லுங்கோ!”

குசினி வாசலில் சிவலட்சுமி முதல் தடவையாகச் சிரித்தார். மூக்கன் சிரிக்கவில்லை. ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் நின்று, அதன் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

“நிப்பாட்டுங்கோ அப்பா. இனி என்னத்துக்கு?”

“கொஞ்சம் ஓடட்டுமேடா.”

“டீசல் வீண்.”

அப்படியும் அவர் கை அசையவில்லை. அனிஸ்ரன்தான் வந்து, தலையைக் குனிந்துகொண்டு அதை நிறுத்தினான். இரண்டு நாள் இரைச்சலுக்குப் பிறகு முற்றம் அமைதியானது. மூக்கன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லாமல் கிணற்றடிப் பக்கம் நடந்தார். களைத்துப்போனார் பாவம் என்று கிருசாந்தன் நினைத்தான்.

வாசல் படலையில் சைக்கிள் மணி கேட்டது. தபால்காரர் செபமாலை. சிவலட்சுமிக்குக் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து ஒரு கடிதம். கிருசாந்தன் அதை வாங்கி, வாய்கொள்ளாச் சிரிப்போடு, “அண்ணை, இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்றான்.

செபமாலை சைக்கிளை விட்டு இறங்கி, அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நீங்கள் மனத்திடமான ஆள் தம்பி, இப்பிடிச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறியள், அந்த நிரந்தர இடத்துக்கு வேற ஆளை எடுத்தாச்செண்டு கம்பஸிலை இருந்து வந்த றெஜிஸ்டர் கடிதத்தைத் திங்கட்கிழமை நான் வாசிச்சுக் காட்டேக்கை, ஐயா இந்தப் படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டுதான், ‘யாரும் சொல்லிறாதீங்க, எம் மகன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்’ எண்டவர்.”