சாவியாரின் நேரம்

திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்கள் காற்றையும் கடலையும் நம்பி வந்து போகலாம். பக்கத்திலிருந்த எங்கள் கப்பல் ஏஜென்சிக் கந்தோரில் நாங்கள் மூச்சு விட்டதே சாவியாரின் மணிக்கூட்டை நம்பித்தான்.

அவர் அங்கே தலைமை எழுதுவினைஞர். சுவரில் தொங்கிய பழைய ஊசல் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பவர் என்பதால் அந்தப் பெயர். காலையில் எங்கள் போன்களை வாங்கி அலுமாரியில் பூட்டிவிடுவார். போனில் காட்டுவது யாரோ அனுப்பிவைக்கும் நேரமாம். சுவரில் ஓடுவதுதான் பல்லும் சக்கரமும் உழைத்துச் சம்பாதித்த நேரமாம்.

பிந்தி வந்தால் சம்பளத்தில் கை வைக்கமாட்டார். அதைவிடக் கொடுமை, சரித்திரம் சொல்லுவார். வெயிலைப் பார்த்து வேலைக்குப் போன மனிதனை மணிக்கூடு கட்டி இழுத்தது, ஆலைச் சங்கு அவன் நித்திரையைக் கெடுத்தது என்று போகும். கேட்டு முடிய இன்னும் பிந்திவிடும்.

எங்களைத் திருத்த மணிக்கூட்டைப் பத்து நிமிடம் முன்னுக்கு வைத்தார். நாங்கள் மனதுக்குள் பத்தைக் கழித்தோம். அதைக் கண்டுபிடித்தவர், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் சரியான நேரத்துக்குத் திருப்பிவிட்டார்.

அன்றைக்குத்தான் கொழும்பில் ஒரு நேர்முகத்துக்காக நான் மாலை ரயில் பிடிக்கவேண்டும். வழக்கம்போலப் பத்தைக் கழித்துக்கொண்டு ஆறுதலாகத் தேத்தண்ணீர் குடித்தேன். கிளம்பும்போது போனை வாங்கிப் பார்த்தால், ரயில் வெளிக்கிடும் நேரம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாவியாரின் முகம் வெளிறிப்போனது. "அடுத்த ஸ்டேசனிலை பிடிக்கலாம் தங்கச்சி, வாங்கோ," என்று ஓட்டோவை மறித்தார்.

கண்டி வீதி முழுக்க ரயில் சரித்திரம். முன்பு ஊருக்கொரு நேரம் இருந்ததாம், ரயில் வந்துதான் எல்லாரையும் ஒரே நிமிடத்தில் கட்டிப்போட்டதாம். கொஞ்சம் பேசாமல் இருங்கள் ஐயா என்று வாழ்க்கையில் முதன்முதலாகச் சொன்னேன். இருந்தார். ஓட்டோக்காரர்தான் பிறகென்ன நடந்தது என்று கேட்டுக் கெடுத்தார்.

ஸ்டேசனில் ரயில் இன்னும் வந்திருக்கவில்லை. தண்டவாளத்தில் மான்கள் நின்றனவாம். நான் சாமியைக் கும்பிட்டேன். சாவியார் நேரே ஸ்டேசன் மாஸ்டரிடம் சண்டைக்குப் போனார்.

"மானுக்கு நேரம் தெரியாது. உங்களுக்குமா தெரியாது?"

"ஐயா, கோச்சி பிந்தினபடியாத்தான் எனக்குக் கிடைக்குது," என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"அது வேற கதை," என்றார்.

ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் யன்னலடிக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "மணிக்கூடு சரியாத்தான் ஓடினது, தங்கச்சி. நான்தான் பிழை விட்டனான்."

வேலை கிடைத்தது. இங்கே கதவடியில் ஒரு மெசின் விரலைப் பார்த்து நேரத்தைப் பதிந்துகொள்ளும். எவ்வளவு பிந்தினாலும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. முதல் மாதம் அது சந்தோஷமாகத்தான் இருந்தது.