வாழைக்காய்க்கு வந்த காமாலை

பேட்டையில் மதநல்லிணக்கம் இருக்கிறதா என்று யாருக்காவது ஐயம் வந்தால், சனிக்கிழமை காலையில் தாமிரபரணிக் கரைக்கு வரட்டும். ஓலைக் கொட்டகை முன்னால் சிலுவை தொங்கும் கழுத்தும், முக்காடு போட்ட தலையும், திருநீறு பூசிய நெற்றியும் ஒரே வரிசையில் நிற்கும். எந்தச் சாமியாலும் ஆகாத காரியத்தை முடித்துக்கொடுக்க உள்ளே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பெயர் பிச்சைக்கண்ணு. ஊருக்குக் காமாலைச் சாமியார்.

வைத்தியம் ரொம்ப எளிது. மஞ்சள்காமாலை வந்த பிள்ளையின் கையில் ஒரு சட்டியிலிருந்து பழுப்புத் தண்ணீரைத் தடவுவார். கண்ணை மூடி முணுமுணுப்பார். அடுத்த சட்டியிலிருந்து தெளிந்த தண்ணீரை ஊற்றிக் கழுவுவார். கீழே வெள்ளைத் தட்டில் மஞ்சளாக வடியும்.

"பாத்தியளா! உடம்புல உள்ள காமாலை இறங்குது!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். இப்படி ஏழு சனிக்கிழமை. ஏழு வாரத்தில் பெரும்பாலும் காமாலை தானாகவே போய்விடும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். சொல்லி என்ன, அவர்களிடம் தட்டு இல்லையே!

இந்தப் புண்ணியத்துக்கு வேன் விடுவது பேட்டை நல்வாழ்வு மன்றம். தலைவர் சத்தியநேசன், ஓய்வுபெற்ற ஆசிரியர். என்ன பாடம் எடுத்தார் என்று கேட்காதீர்கள். சரி, அறிவியல். ஆண்டுவிழாவில் அவரே ஒலிபெருக்கியில் முழங்கினார்: "போன வருஷம் நம்ம காமாலைச் சேவையால பலனடைஞ்ச பிள்ளைகள் அறுபத்தொண்ணு. இந்த வருஷம் நூத்தி முப்பத்தெட்டு! சேவை ரெண்டு மடங்கைத் தாண்டிருக்கு!"

கைதட்டல் காதைப் பிளந்தது. நோய் பெருகியதற்குக் கைதட்டும் ஊரை வேறு எங்கே பார்க்க முடியும்?

தட்டாத கை ஒன்று இருந்தது. மன்றத்தில் பதிவேடு எழுதும் சாலோமியின் கை. நூற்று முப்பத்தெட்டு பெயரையும் விலாசத்தோடு எழுதியவள் அவள்தான். அதில் ஒரு பெயர் எதிர்வீட்டு ஆபிதா பீவியின் மகள் ஹனீன். ஒன்பது வயது. ஐந்தாவது சனிக்கிழமை காலை, வேன் வந்து நின்றபோது அந்தப் பிள்ளை வாந்தி எடுத்துத் துவண்டு தாயின் தோளில் கிடந்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவே அரும்பாடு பட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்கக்கா!" என்றாள் சாலோமி.

"இங்கிலீஷ் மருந்து ஆகாதுன்னுட்டாரு சாமியாரு. பைய சரியாயிரும்."

"புள்ள கிடக்கிற கிடையப் பாருங்க. தாங்காதுக்கா."

ஆபிதா பீவி அழுதுவிட்டாள். "தட்டுல மஞ்சளா வடிஞ்சத என் கண்ணால பாத்தேனே சாலோமி! அது பொய்யா?"

கண்ணால் பார்த்ததை வாயால் அழிக்க முடியாது. சாலோமி வீட்டுக்குள் ஓடினாள். காய்கறிக் கூடையில் கைக்கு அகப்பட்ட வாழைக்காயை எடுத்துக்கொண்டு, தாயும் பிள்ளையும் ஏறிய வேனில் தானும் ஏறினாள்.

கொட்டகையில் வரிசையைத் தாண்டி முதல் ஆளாகக் கையை நீட்டினாள். சாமியார் தடவினார், கழுவினார். மஞ்சள் கொட்டியது.

"முத்திப்போச்சு தாயி. ஒனக்கு ஏழு வாரம் பத்தாது."

நேற்றுவரை இட்லி ஆறு தின்ற உடம்பு அது. சாலோமி கையை முகர்ந்து பார்த்தாள். பிறகு வாழைக்காயைத் தட்டில் வைத்தாள். "இதையும் கொஞ்சம் பாருங்க சாமி."

"ஏட்டி, விளையாடுதியா?"

அவர் எழுந்திருப்பதற்குள் முதல் சட்டித் தண்ணீரை அவளே வாழைக்காயில் தடவினாள். இரண்டாம் சட்டியை ஊற்றினாள். தட்டு நிறைய மஞ்சள்.

"வாழைக்காய்க்குக் காமாலை எப்ப வந்துது சாமி?" என்றவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "இது மாம்பட்டை ஊறின தண்ணி. அது வெத்தலைக்குப் போடுத சுண்ணாம்புத் தெளிவு. ரெண்டும் சேந்தா எதுல ஊத்தினாலும் மஞ்சதான்!"

கூட்டம் தட்டை எட்டி எட்டிப் பார்த்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "வாழைக்காய்ல உள்ள காமாலையையும் எடுத்துட்டாரே! சாமின்னா சாமிதான் வே!" மன்றத்தின் பொருளாளர்.

ஆபிதா பீவி அதைக் கேட்க நிற்கவில்லை. பிள்ளையை வாரிக்கொண்டு வேனுக்கு ஓடினாள். "பெரியாஸ்பத்திரிக்கு விடுங்க!"

இன்னும் ஒருநாள் கழிந்திருந்தால் பிள்ளை கிடைத்திருக்காது என்றார் டாக்டர். பன்னிரண்டாம் நாள் ஹனீன் நடந்தே வீட்டுக்கு வந்தாள். அதற்கு வெகு முன்பே பிச்சைக்கண்ணு இரண்டு சட்டிகளையும் விட்டுவிட்டுக் கம்பி நீட்டியிருந்தார்.

மன்றம் கூடியது; ஊராரும் வந்திருந்தார்கள். "இனிமே வேன நேரா ஆஸ்பத்திரிக்கே விடுவோம்!" என்றார் சத்தியநேசன். மறுபடியும் கைதட்டல். பழகிய கைகள் அல்லவா!

"விடுங்க சார். இப்படியே போனா அடுத்த வருஷம் ரெண்டு வேன் விடணும்" என்றாள் சாலோமி. பதிவேட்டைப் பிரித்தாள். "நூத்தி முப்பத்தெட்டுல நூத்தி இருபது பிள்ளைக ரெண்டே தெரு. அந்த ரெண்டு தெருவுலயும் வீட்டுக்கு வீடு குழாய்ல மோட்டார்."

கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டாள். "ஒருத்தர் மோட்டார் வச்சு உறிஞ்சினா அடுத்த வீட்டுக்குத் தண்ணி குறையுது. அவரும் மோட்டார் வைக்காரு. குழாய் போறது சாக்கடைக்குள்ள, அங்கங்க விரிசல். எல்லாரும் உறிஞ்ச உறிஞ்ச, சாக்கடையும் சேந்து உள்ள ஏறுது. அதத்தான் புள்ளைக குடிக்குது. நாம வேன் விட்டுட்டு, ஏன்னு மட்டும் கேக்க மாட்டேங்கோம்."

"அந்த மோட்டாரெல்லாம்..." என்று ஆரம்பித்த ஒருவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவை மன்றத்தின் வெள்ளிவிழா இலவசங்கள்.

ஆபிதா பீவி எழுந்தாள். "நான் மட்டும் கழட்டினா எனக்குத் தண்ணி வராது. எல்லாரும் கழட்டினா எல்லாருக்கும் வரும். வாங்க, இன்னைக்கே கழட்டுவோம். நாளைக்கு எல்லாருமாப் போயி, குழாய சாக்கடைய விட்டு எடுக்குற வரைக்கும் கார்ப்பரேஷன் ஆபீஸ் வாசல்ல உக்காருவோம். எம்புள்ள பொழச்சிட்டா. அடுத்தது யாரு புள்ள?"

யாரும் கைதட்டவில்லை. ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

சத்தியநேசன் மட்டும் கவலையோடு சாலோமியைக் கூப்பிட்டார். "ஏம்மா, அடுத்த வருஷம் ஒரு பிள்ளைக்கும் காமாலை வரலேன்னா, மன்றம் என்ன செஞ்சதுன்னு அறிக்கையில எழுதுறது?"

"யோசிச்சதுன்னு எழுதுங்க சார். இத்தன வருஷத்துல முதல் தடவையா."