சட்டி மூடியைத் திறக்கிற மனிதர்

அடுக்களை ஆலோசகர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் சங்கரன்கோவிலில் தெருவுக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். உங்கள் ஊரில் இல்லை என்று சொல்லாதீர்கள், நம்ப மாட்டேன். இவர் சமைக்க மாட்டார். அரிசி களைந்த கை கிடையாது, பூண்டு உரித்த நகம் கிடையாது. ஆனால் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் செருப்பைக் கழற்றிய கையோடு நேரே அடுக்களைக்குப் போய், அடுப்பில் இருப்பது குழம்போ வெந்நீரோ, மூடியைத் திறந்து, மூக்கை உள்ளே விட்டு, 'ம்ம்ம்' என்று ஒரு இழுப்பு இழுத்து, அந்த வீட்டுப் பெண்மணியின் முகத்தைப் பார்க்காமல் சட்டியைப் பார்த்தே பேச ஆரம்பிப்பார்.

இவரைப் பற்றிச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். கேளுங்கள். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பம்ப் ஸ்டவ் அடைப்பை ஊசியால் குத்தி எடுக்க ஆரம்பித்து, குக்கருக்கு வந்து, மிக்சிக்கு வந்து, கிரைண்டருக்கு வந்து, இன்றைக்கு ராஜபாளையம் ரோட்டில் சொந்தக் கட்டடத்தில் ரிப்பேர் கடை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். கை கொடுத்துத் தூக்கிவிட்டவன் ஒருத்தன் கிடையாது. நாற்பத்தோரு வருஷத்தில் இந்த ஊரில் நான் நுழையாத அடுக்களை கோவில் மடப்பள்ளி ஒன்றுதான். வாசலில் நின்று விசில் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்வேன். இது கேஸ்கட், இது வெயிட், இது புருஷன்.

சிரிக்காதீர்கள். பாதிக் கோளாறு புருஷன்தான்.

தளர்ந்துபோன கேஸ்கட்டைப் பத்து நிமிஷம் ஃப்ரீசரில் வைத்தால் அன்றையச் சமையலுக்குத் தாக்குப்பிடிக்கும் என்று நான் ஒரு வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன். பத்து நிமிஷத்துக்கே இப்படி என்றால் பத்து நாள் வைத்தால் ஆயுசுக்கும் நிற்குமே என்று அந்த வீட்டு ஆலோசகர் என்னைத் திருத்தினார். பத்து நாளும் அவர்களுக்குப் பருப்பு வெந்தது பக்கத்து வீட்டு ஆயிஷம்மாள் குக்கரில்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். முதல் வார்த்தை எப்போதும், "தப்பா நெனைக்கக் கூடாது." கடைசி வார்த்தை, "அதுல ஒரு சயின்ஸ் இருக்கு." இடையில் வருவதுதான் குறிப்பு. சீனி டப்பாவில் கிராம்பு போடு, எறும்பு வராது. அரிசியில் வேப்பிலை போடு, வண்டு வராது. கறிவேப்பிலையைத் துணியில் சுற்று, வெண்டைக்காயைக் கழுவித் துடைத்துவிட்டு நறுக்கு, வாழைப்பூவை மோரில் போடு. இதில் ஒன்றாவது தப்பா? தப்பே இல்லை. எல்லாம் நம் வீட்டுப் பெண்கள் முப்பது வருஷமாகச் செய்துகொண்டிருப்பது. இவர் இன்று காலைதான் போனில் பார்த்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

குறிப்பு சொல்வதோடு நின்றால் நான் ஏன் எழுதுகிறேன்? இவர்களில் முற்றிப்போன ரகம் ஒன்று உண்டு. அது சொல்லாது. செய்துவிடும்.

எங்கள் சிவராமலிங்கம் அண்ணாச்சி அந்த ரகம். அரசாங்க ஆபீசில் முப்பத்து நான்கு வருஷம் கோப்பில் குறிப்பு எழுதி ரிட்டயர் ஆனவர். கோப்பு போய்விட்டது, குறிப்பு போகவில்லை. காலையில் காப்பி குடித்ததும் அடுக்களை நிலையில் தோளைச் சாய்த்து, போனைக் கையில் பிடித்து, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அடுப்பைப் பார்த்தபடி நிற்பார். சம்சாரம் நெல்லையம்மாள் பொறுமைசாலி. ஆனால் வாய் உண்டு.

"ஏட்டி, வெங்காயம் நறுக்கும்போது வாயில கொஞ்சம் தண்ணியை வச்சுக்கிட்டா கண்ணு கரிக்காதாம்."

"அந்தத் தண்ணியை நீங்க வாயில வச்சுக்கிடுங்க. வீடாவது சத்தமில்லாம இருக்கும்."

அந்த நெல்லையம்மாள் போன வைகாசியில் ஒருநாள் காலை எட்டு மணிக்கு எனக்குப் போன் போட்டார். குரலே சரியில்லை. "அண்ணாச்சி, மிக்சி நின்னுபோச்சு. உடனே வரணும். இன்னைக்கு விட்டா என் மானம் போயிரும்."

மானம் என்றது சும்மா அல்ல. அவர்கள் மகள் லட்சுமிப்ரியாவைச் சிவகிரியில் கட்டிக்கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் சொதிச் சாப்பாடு போடுவது அவர்கள் வழக்கம். சொதி என்றால் தெரியும்தானே? தேங்காய்ப்பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் போட்டு வைக்கிற வெள்ளைக் குழம்பு. கூட இஞ்சிப் பச்சடி இருக்க வேண்டும். அன்று பந்தியில் அந்தச் சொதி திரிந்துபோய்விட்டது. இலையில் தண்ணீர் ஒரு பக்கம் ஓட, திப்பி ஒரு பக்கம் நின்றது. கூலிக்கு வந்த சமையல்காரர் மறுநாளே வேறு ஊர் போய்விட்டார். பேச்சு மட்டும் சிவகிரியிலேயே தங்கிவிட்டது. லட்சுமிப்ரியா அங்கே பாலைக் காய்ச்சினாலும் யாராவது ஒரு சொந்தக்காரி எட்டிப் பார்த்து, "பாத்து மக்கா, உங்க ஊரு சொதி மாதிரி ஆயிராம" என்பாளாம். அந்தப் பிள்ளை அம்மாவிடம் போனில் சொல்லி அழுதிருக்கிறது. மிக்சி நின்ற அன்றைக்குத்தான் சம்பந்தி வீட்டார் பன்னிரண்டு பேர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். ஆள் வைக்காமல் தன் கையால் சொதி வைத்து அந்தப் பேச்சைத் துடைத்துவிட வேண்டும் என்று நெல்லையம்மாள் ஒற்றைக்காலில் நிற்கிறார். ஐந்து தேங்காய் துருவி வைத்திருக்கிறார். மிக்சி சுற்றவில்லை.

நான் போய் ஜாரைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் பிளேடைச் சுற்றிவிடுகிற கப்ளரின் பல் அத்தனையும் மழுங்கிப் பொடிப்பொடியாகக் கிடந்தது. ஜாருக்குள் வெள்ளை வெளேரென்று ஏதோ. தொட்டு நாக்கில் வைத்தேன். கல் உப்பு!

"பிளேடு கூர்மையாகும்னு ரெண்டு கை உப்பைப் போட்டு ஓட்டினேன்வே," என்றார் அண்ணாச்சி நிலைப்படியிலிருந்து. "அதுல ஒரு சயின்ஸ் இருக்கு."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு காப்பி குடிக்கிற நேரம்."

நெல்லையம்மாள் தேங்காய்த் துருவல் தாம்பாளத்தை ஓங்கிக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, மிக்சியைப் பொறவு பாருங்க. மொதல்ல இவுகளைக் கழட்டி என்ன கோளாறுன்னு பாருங்க."

"அதுக்கு ஸ்பேர் கிடைக்காது தாயி," என்றேன்.

இன்னொருத்தனாக இருந்தால் கடைக்கு எடுத்துப்போய் நாளைக்கு வா என்பான். நான் பையில் ஆறு கம்பெனிக் கப்ளர் இல்லாமல் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. பதினைந்து நிமிஷத்தில் புதுக் கப்ளர் மாட்டி ஓடவிட்டேன். நெல்லையம்மாள் அரைத்துப் பிழிந்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாக எடுத்து வைத்தார். மூன்றாம் பாலில் காய் வெந்தது. பருப்பு சேர்ந்தது, இரண்டாம் பால் சேர்ந்தது. கடைசியில் தீயைத் தணித்துக் கெட்டியான முதல் பாலை ஊற்றியபோது வந்த மணத்துக்கு, காலையில் சாப்பிட்டுவிட்டு வந்த எனக்கே மறுபடி பசித்தது. இனி நுரை கட்டியதும் இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் தேங்காய்ப்பால் திரிந்துவிடும். இது அந்த வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் சத்தம். "வந்துட்டாக! நுரை கட்டினதும் அணைச்சிருங்க, வேற எதையும் தொடக்கூடாது, சொல்லிட்டேன்," என்று புருஷனிடம் சொல்லிவிட்டு நெல்லையம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

நான் மூலையில் குந்தி மிக்சியின் அடித்தட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். வாயில் நாலு திருகாணி. நிமிர்ந்து பார்க்கிறேன், அண்ணாச்சி தீயைக் கூட்டிவிட்டு எலுமிச்சை மூடியைக் கொதிக்கிற சொதிக்கு நேராகப் பிடித்திருக்கிறார்! "கொதிக்கும்போது பிழிஞ்சாதான் சாறு உள்ள எறங்கும்," என்று என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறார். கத்த வேண்டும். கத்தினால் திருகாணி தொண்டைக்குள் போகும். துப்பிவிட்டு, "அண்ணாச்சி!" என்பதற்குள் இரண்டு மூடியும் சக்கையாகிவிட்டன.

சொதி திரிந்தது. கண்ணெதிரே, நிமிஷத்தில். அதே தண்ணீர், அதே திப்பி.

திரும்பி வந்த நெல்லையம்மாள் பார்த்தார். அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என் பிள்ளையை இனி அங்கன வாழவிட மாட்டாகளே," என்றார். அந்தக் குரலைக் கேட்டு, மறுபடி நிலையில் போய்ச் சாய்ந்திருந்த அண்ணாச்சி தோளை எடுத்தார்.

அதே நேரம் சம்பந்தி சங்கரபாண்டி உள்ளே வந்தார். கூடத்தில் நாற்காலி போட்டிருக்கிறது, காற்றாடி சுற்றுகிறது. உட்கார வேண்டியதுதானே? உட்காரவில்லை. நேரே அடுக்களைக்கு வந்தார். மூடியைத் திறந்தார். மூக்கை உள்ளே விட்டார். 'ம்ம்ம்' என்று இழுத்தார்.

துப்பிய திருகாணியைப் பொறுக்கிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன்.

"தப்பா நெனைக்கக் கூடாது சம்பந்தி," என்றார் அவர். "கொதியில எலுமிச்சை பிழிஞ்சது சரிதான். நானும் அப்படித்தான் சொல்லுவேன். ஆனா நீங்க உருட்டாம பிழிஞ்சிருக்கீக. மொதல்ல தரையில உருட்டணும். அதுல ஒரு சயின்ஸ் இருக்கு."

சிவராமலிங்கம் அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் காணாமல்போன கூடப்பிறந்தவன் எதிரே வந்து நின்றமாதிரி ஆகிவிட்டார். "நீங்க எந்த சேனல் பாக்கீக?" என்று கேட்டு அவர் தோளில் கைபோட்டார். இருவரும் போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்கள்.

அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றவர் சம்பந்தியம்மா ஆவுடையம்மாள். சட்டியைப் பார்த்தார், நெல்லையம்மாளைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"மதினி, அழாதீக. இது உங்க கைப்பிசகு இல்ல. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. அன்னைக்குக் கல்யாண வீட்டுல சமையக்காரர் பக்கத்துல நின்னு கொதிக்கக் கொதிக்கப் பிழியச் சொன்னது யாருங்கீக? அங்கன ஒக்காந்திருக்காகளே, எங்க வீட்டுக்காரவுகதான். எனக்குத் தெரியும். ஊரெல்லாம் பேசும்போது வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். அது என் தப்பு."

"தெரிஞ்சுமா மதினி, என் மகளை அத்தனை பேச்சுப் பேசவிட்டீக?"

"இனிமே எவளாவது பேசட்டும், நான் கேக்கேன். சாப்பிட ஒக்காந்ததும் அவுக வாயாலயே நாலு பேர் கேக்கச் சொல்ல வைக்கேன். மொதல்ல தேங்காயை எடுங்க."

வீட்டில் ஒரு தேங்காய் மிச்சமில்லை. ஆவுடையம்மாள் ஒரு நொடி யோசித்தார். தாங்கள் சீராகக் கொண்டுவந்து கூடத்தில் வைத்திருந்த தாம்பாளத்திலிருந்து, மஞ்சள் பூசிய தேங்காய் ஐந்தையும் மடியில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். சீர்த்தேங்காயை வந்தவர்களே உடைப்பதா என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் உடைத்தார், ஒருவர் துருவினார், என் மிக்சி அரைத்தது. காயைச் சல்லிக் கரண்டியால் அரித்தெடுத்து வெந்நீரில் அலசி, புதுப் பாலில் போட்டார்கள். வீட்டிலிருந்த எலுமிச்சம்பழம் அத்தனையையும் ஆவுடையம்மாள் இடுப்பில் செருகிக்கொண்டார். சொதி இறங்கி, சூடு தணிந்த பிறகுதான் பழம் வெளியே வந்தது.

ஒன்றரை மணிக்குப் பந்தி. ஆவுடையம்மாள் சொன்னபடியே செய்தார். புருஷன் மூன்றாவது தடவை சொதி கேட்டபோது கரண்டியை அந்தரத்திலேயே நிறுத்தி, "கல்யாணச் சொதி யாரால திரிஞ்சுதுன்னு சொல்லிட்டு வாங்கிக்கிடுங்க," என்றார். சங்கரபாண்டி சுற்றுமுற்றும் பார்த்தார். சிவகிரிச் சொந்தக்காரிகள் அத்தனை பேரும் கையை இலையில் வைத்தபடி அவரையே பார்த்தார்கள். சொதி ஆசை யாரை விட்டது? "என்னாலதான்," என்றார். கரண்டி சாய்ந்தது. வேனில் கூடவே வந்து, பரிமாறிக்கொண்டிருந்த லட்சுமிப்ரியா அப்பளத் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன். எனக்கும் இலை போட்டிருந்தார்கள். மிக்சியை ஓடவைத்தவன் அல்லவா?

இனி உங்களிடம் வருகிறேன். சொதி திரிந்தது என்று நான் எழுதிய இடத்தில் உங்கள் மனசுக்குள் என்ன ஓடியது? நெல்லையம்மாளை நினைத்து ஐயோ என்றதா, அல்லது 'கொஞ்சம் சோளமாவைக் கரைத்துவிட்டால் சரியாகியிருக்குமே' என்றதா? 'பருப்பைக் கூட்டியிருக்கலாமே' என்றதா? மறைக்க வேண்டாம், நான் விசிலைக் கேட்டே கோளாறு சொல்கிறவன். அதோ, உங்கள் வீட்டு அடுக்களையில் யாரோ கடுகு தாளிக்கிற சத்தம் கேட்கிறது. எங்கே எழுந்திருக்கிறீர்கள்?

உட்காருங்கள்.