அண்டாவுக்குள் அடித்த மணி

ஜோகுபாளையம், பெங்களூர்
12-7-1963

சிரஞ்சீவி ரங்கனுக்கு அப்பா சீனிவாசராகவன் அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் இங்கே இருவருக்கும் உடம்பு சௌக்கியம். மனசு சௌக்கியமா என்பதைக் கீழே எழுதுகிறேன்.

என் சஷ்டியப்தபூர்த்திக்கு நீ கொச்சியிலிருந்து அனுப்பிய அலாரம் கைக்கடிகாரம் பத்திரமாக வந்தது. அதைக் கட்டிக்கொண்டு கோயில் உபந்நியாசத்துக்குப் போனேன். முதலை காலைப் பிடிக்க, கஜேந்திரன் பெருமாளைக் கூப்பிடப்போகும் நேரத்தில் அது சுவர்க்கோழி மாதிரி கத்த ஆரம்பித்தது. நிறுத்தத் தெரியாமல் கையை அங்கவஸ்திரத்தில் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஊர் சுற்றிய வஸ்து மடிக்கு ஆகாது என்று அம்மா மறுநாள் வாரைக் கழற்றினாள். முதுகு மூடியிலுள்ள ஓட்டைகளில் ஏன் உப்பு படிந்திருக்கிறது என்று கேட்டாள். வியர்வை என்றேன். தண்ணீர் புகாது என்று நானே சொல்லியிருந்ததால் தைரியமாக அதை அண்டாவில் முக்கிவிட்டாள். நான் சாவி கொடுத்து வைத்திருந்தேன் அல்லவா, சற்று நேரத்தில் அண்டாவே ரீங்காரம் போட்டது. அடுத்த வீட்டுக் கோமளம்கூட என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள்.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கூட வந்த காகிதத்தைப் படித்த கர்வம் விடவில்லை. நாற்பத்தேழு வாக்கில்தான் இப்படி அலாரம் கேட்கும் கைக்கடிகாரம் சரியாக வாய்த்தது, அது தரையில் நடப்பவர்களுக்கு. கடலில் முங்குகிறவனை மேலேயிருந்து யாரும் கூப்பிட முடியாது, அதனால் சமீபத்தில் சுவிட்சர்லாந்துக்காரர்கள் முதுகில் ஓட்டைகள் போட்ட மூடி ஒன்றை வைத்து, தண்ணீருக்குள்ளும் கேட்கும்படி செய்தார்கள். மூச்சுக்காற்று தீருமுன் ‘மேலே வா’ என்று அழைக்கத்தான் இந்த மணி என்று இருவருக்கும் விஸ்தாரமாக விளக்கினேன். நீ கடலில் முங்குகிற வேலையை மறைத்து, கடற்படையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா என்று நாம் சேர்ந்து அம்மாவிடம் சொல்லிவந்த பொய் அந்த நிமிஷம் கவிழ்ந்தது.

அம்மா கோபிக்கவில்லை. கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டே, “ஏன்னா, மேல வான்னு கூப்பிடறத நமக்கு அனுப்பிட்டு, கொழந்தை எதைக் கேட்டு மேல வருவான்?” என்றாள். பிள்ளை கொடுத்ததே என்று சந்தோஷப்பட்டேனே தவிர, உன் கை வெறுமையாக இருக்கும் என்று தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஆகையால் அதை இத்துடன் ரிஜிஸ்தர் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். கழற்றாமல் கட்டிக்கொள். அம்மா சமாதானமாகிவிட்டாள், உன் உத்தியோகத்துக்கு இனி ஆட்சேபணை இல்லை. தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: பார்சலைத் தைக்குமுன் திறந்து பார்த்தேன், பெட்டியில் நாரத்தங்காய் ஊறுகாய்தான் இருக்கிறது. கடிகாரம் அண்டாவில். “அவனே வந்து எடுத்துக்கட்டும், அதுவரைக்கும் தண்ணியில எறங்க வேண்டாம்” என்கிறாள் அம்மா. தினமும் அவளே சாவி கொடுக்கிறாள். மணி அடித்ததும் வாசலைப் போய்ப் பார்க்கிறாள். லீவு கேட்டு உடனே வா.